வலேதோன் என்கிற வேலாயுதன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்துப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கடைப் பலகையானாலும் சரி, சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. என் சொந்த அத்தை எழுதிய கடிதத்தைத் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பியவன் நான். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கடிதம் போட்டதில்லை. மாயவரத்தில் இருந்தவரை இந்தப் பழக்கத்தால் நாலு பேர் என்னோடு பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மொரீஷியஸில் ஒரு மனிதருடைய பிழைப்பே போயிற்று. அவரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

1962 ஜனவரியில் போர்ட் லூயியில் வந்து இறங்கினேன். வயது இருபத்தெட்டு. கையில் தமிழ் எம்.ஏ. பட்டம், ஒரு டிரங்குப் பெட்டி, மூக்குக்கு மேல் கோபம். அங்கே தமிழர்கள் சிலர் கமிட்டி அமைத்து, தமிழ்ப் பண்பாடும் இலக்கியமும் சொல்லித்தர இரண்டு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு. பாடம் நடத்த நான். பரீட்சை வைத்துச் சான்றிதழ் அனுப்பச் சென்னையில் ஒரு சபை. கமிட்டி எனக்கு இரண்டரை வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தது.

முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். குமாஸ்தாக்கள், இரண்டு கம்பவுண்டர்கள், ஒரு தையற்காரர், படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளைகள் சிலர். எல்லோரும் அவரவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றேன். துண்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஒன்றில் நின்றுவிட்டேன். குண்டு குண்டான எழுத்தில் 'வலேதோன்' என்று இருந்தது.

"யாருய்யா இது வலேதோன்? இது பேரா, பிஸ்கோத்தா?"

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் ரயில்வேக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றார். வகுப்பிலேயே மூத்தவர் அவர்தான், நாற்பத்திரண்டு வயது. தொப்பியை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான், மிஸ்யே. பாப்பியேல அப்படித்தான் இருக்குது."

மிஸ்யே என்றால் ஐயா. பாப்பியே என்றால் காகிதம், அதாவது பிறப்புப் பதிவு. அந்தத் தீவில் தமிழர் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். தமிழ் கோயிலில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, அக்கா, மாமா என்று உறவு முறையில் இருக்கிறது. அவருடைய முப்பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியபோது ஒரு குமாஸ்தா பெயரைக் கேட்டிருக்கிறான். அவர் 'வேலாயுதன்' என்றிருப்பார். அவன் தன் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் Valaydon என்று போட்டிருக்கிறான். பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்த்துப் படித்தார்கள். நூறு வருஷம் கழித்து ஒருவர் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு, அதே பெயரைத் தமிழில் எழுதியபோது வலேதோன் என்று வந்து நின்றது.

அதை நான் அங்கேயே பலகையில் போட்டுக் காட்டினேன். அவர் எழுதியதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'வேலாயுதன்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"முருகன் பேரா, மிஸ்யே?"

"முருகன் பேருதான். கையில வேலை ஆயுதமா வெச்சிருக்கிறவன்."

"கோரெக்," என்றார். சரி என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வார். ஆனால் அன்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருடைய தமிழைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முழுக்கச் சாமி பாட்டிலிருந்து கற்றுக்கொண்ட தமிழ். வகுப்புக்குள் நான் நுழைந்தால் "எழுந்தருளுங்க, மிஸ்யே" என்பார். வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாது, "வயித்துல வினை" என்பார். ஒரு நாள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "என் பென்சில் மறைந்தருளிடுச்சு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. பிறகு வழக்கம்போலக் கோபமும் வந்தது. "பென்சில் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க வேலாயுதன், அதுக்கு எதுக்கு அருள்?" என்றேன். என்னைவிடப் பதினாலு வயது பெரியவரை நான் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சரக்கு ரயில் ஷெட்டில் அவருக்கு வேலை. போர்ட் லூயி ஓரத்தில், ரோஷ் புவாவில் வீடு. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினாலு வருஷமாகச் சம்பளம் வாங்காமல். நாற்பது பிள்ளைகள், நாலு கரும்பலகை. ஒரு ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். 'ழ' சொல்ல வராத வாய்களை வைத்துக்கொண்டு, சலிக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் நாக்கையும் நீட்டச் சொல்லி மடக்கச் சொல்லி, அரை மணி நேரம் ஒரே எழுத்தை நடத்தினார். அவருக்கே 'ழ' வராது என்பது வேறு விஷயம். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஏதோ அன்று என் வாய் அடங்கியிருந்தது.

அவர் மனைவி கோவிந்தம்மா தையல் மெஷின் வைத்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள். கிரியோல் தவிர வேறு பேச மாட்டாள். இரண்டாவது வருஷத்தில் எனக்கும் கிரியோல் புரிய ஆரம்பித்தது, அதனால் அவள் சொன்னதை இங்கே தமிழில் சொல்கிறேன். படிப்பு தொடங்கிய மாதமே அவர் வீட்டுக் கதவில் பெயின்டால் 'வேலாயுதன்' என்று எழுதிவிட்டார். நான் சாப்பிடப் போயிருந்தபோது அவள் அதைக் காட்டிக் கேட்டாள்.

"இந்தக் கதவுல இருக்கிற ஆளு யாரு, மிஸ்யே? நான் கட்டிக்கிட்டது வலேதோனை. தபால்காரனும் ரெண்டு தடவை கதவைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்."

நானும் அவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

1963 கடைசியில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தது. சரக்கு ரயிலை அடுத்த வருஷம் அடியோடு நிறுத்தப்போகிறார்கள் என்பது ஒன்று. தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லித்தர ஒன்பது ஆசிரியர்களை எடுக்கப்போகிறார்கள் என்பது இன்னொன்று. எங்கள் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. பட்டியல் 1964 ஜூலை பத்தாம் தேதி முடிவாகும். அந்த ஆகஸ்டில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. கோயிலில் நடந்த வகுப்பும் பள்ளிக்கூடத்துக்கு மாறும், வேலைக்கு வருகிறவரே அதையும் நடத்துவார் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, வேலை கிடைத்தால் சோறும் பிள்ளைகளும் அவருக்கு. கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. இதை அவர் எனக்கு விரலை மடக்கிக் கணக்காகச் சொன்னார், முகத்தில் ஒரு பயமும் இல்லாமல். படித்தால் பாஸாகிவிடலாம் என்ற நம்பிக்கை.

படிக்கவும் செய்தார், குறை சொல்ல முடியாது. சரக்கு வண்டி வராத நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து யாப்பு படித்தார். பரீட்சைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது பெயர்கள். விடுமுறை நாளில் சைக்கிளில் பாம்ப்ளமூஸ் வரை போய், வீடு வீடாக ஏறி, பாப்பியேயை வாங்கிப் பார்த்து, கல்லறைக் கல்லைத் துடைத்துப் பார்த்து, நூற்றுப் பன்னிரண்டு பெயர் சேர்த்தார். சினதாம்பூ என்பது சின்னத்தம்பு, காருபேன் என்பது கருப்பன், மார்தே என்பது மருதை. நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன். அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "கோரெக், கோரெக்" என்றார்.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன்.

பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். டைப் அடித்தது நான். எல்லோருடைய பாப்பியேயும் மேஜை மேல் இருந்தது. மற்றவர்கள் பெயரில் ஓரெழுத்து இரண்டெழுத்துதான் வித்தியாசம், பாப்பியேயில் இருந்தபடியே அடித்துத் தள்ளிவிட்டேன். இவர் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது. Valaydon என்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை. Velayudhan என்று அடித்தேன். அன்று மேஜைக்கு எதிரே அவரும் உட்கார்ந்திருந்தார், தாள் அடுக்கிக் கொடுக்க வந்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"மிஸ்யே, பாப்பியேல இருக்கிற மாதிரி போட வேணாமா?"

"ஏன்?"

"வாத்தியார் போஸ்ட் குடுக்கிற இடத்துல பாப்பியே கேப்பாங்க."

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. "உங்க முப்பாட்டன் பேரை ஒரு குமாஸ்தா கெடுத்தான். நூறு வருஷம் கழிச்சு இன்னொரு குமாஸ்தாவா உக்காந்து நானும் கெடுக்கவா? நூத்திப் பன்னண்டு பேரை எழுதினீங்களே, எதுக்கு எழுதினீங்க?"

 டைப் அடித்த பெயரை அவர் விரலால் தடவிப் பார்த்தார். "அழகா இருக்குது," என்றார். அத்தோடு விட்டுவிட்டார். என் நாக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

1964 மே மாதம் சான்றிதழ்கள் வந்தன. பத்தொன்பதில் பதினாலு பேர் தேறியிருந்தார்கள். இவர் இரண்டாவது இடம். முதல் இடம் தனராஜ் என்கிற இருபத்து மூன்று வயதுப் பையன், கெட்டிக்காரன். ரோஷ் புவாவில் கோவிந்தம்மா அன்று பாயசம் வைத்தாள். அவர் சான்றிதழைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டார். சரக்கு ரயில் ஓட்டம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தார், ஆசிரியர் சட்டை.

ஜூன் முதல் வாரத்தில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ்யே, நான் வேற ஆளோட சான்றிதழைக் கொண்டாந்திருக்கேன்னு சொல்றாங்க."

கூடவே கிளம்பிப் போனேன். நியமன அலுவலகத்தில் ஜான்-க்ளோட் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர். பிறப்புப் பதிவையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இது Valaydon. இது Velayudhan. நான் தமிழ் படிச்சவன் இல்லை, மிஸ்யே. என் கண்ணுக்கு இது ரெண்டு ஆளு. இந்த இரண்டாவது ஆளு எங்கே?"

நான் இரண்டும் ஒன்றே என்று விளக்கினேன். பலகையில் போட்டு விளக்காத குறை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம். ஆனா பேரை மாத்தினது யாரு? அவரா, சென்னையிலயா, நீங்களா? பதிவுப் பேரு தெரிஞ்சிருந்தும் நான்தான் வேற பேரை அடிச்சு அனுப்பினேன்னு நீங்க ஒரு வரி எழுதி, உங்க கமிட்டி வழியாக் குடுங்க. எனக்கு அது போதும். இன்னிக்கே ஃபைல் நகரும்."

ஒரே வரி. வெளியே வந்ததும் வேலாயுதன் என் முகத்தைப் பார்த்தார். "எழுதிடலாம், கவலைப்படாதீங்க," என்றேன்.

அறைக்கு வந்து தாளை எடுத்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவது அதே கமிட்டி. பரீட்சைப் பட்டியலில் தெரிந்தே பெயரை மாற்றியவன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மாயவரத்தில் எனக்கு வேலை இல்லை. இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். இதெல்லாம் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், தப்பு என்னுடையது என்று என் கையால் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் தப்பையெல்லாம் எழுதிக் காட்டிய கை அது.

கடைசியில் இப்படி எழுதினேன்: 'பெயரைக் குறிப்பதில் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம்.' இலக்கணம் படித்தவன் நான், அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரியும். பிழை இருக்கிறது, நேர்ந்தது இருக்கிறது. செய்தவனை மட்டும் காணோம். மாணவன் எவனாவது அப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஜான்-க்ளோட் அதைப் படித்துவிட்டு, "நேர்ந்திருக்கலாம்னா, யாரால?" என்றுதான் கேட்டார். நான் சென்னைக்கு எழுதியிருப்பதாகவும் பதில் வந்ததும் எல்லாம் தெளிவாகும் என்றும் சொன்னேன். கப்பல் தபால் போகவும் வரவும் மூன்று மாதம். ஃபைல் அலமாரிக்குள் போயிற்று.

ரோஷ் புவாவில் பேச்சு கிளம்பிவிட்டது. ரயில்வேக்காரர் யாரோ ஒருவனுடைய சான்றிதழை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகப் பார்த்தாராம். கோயில் நிர்வாகத்தில் இரண்டு பேர் வந்து, விஷயம் தெளிவாகிறவரை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம், தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஞாயிறு அவர் வீட்டில் இருந்தார். கதவில் இருந்த பெயரைச் சுரண்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூன் கடைசியில் கோவிந்தம்மா என்னைத் தேடி வந்தாள். அதற்கு முன் அவள் என் அறைக்கு வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவருக்குத் தெரியாம வந்திருக்கேன். அவரு உங்களைக் கேக்க மாட்டாரு. மிஸ்யே பெரிய படிப்புப் படிச்சவரு, அவருக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு சொல்றாரு. நான் படிக்கலை, அதனால கேக்கிறேன். நான் செஞ்சேன்னு ஒரு வரி. எழுதக் கை வரலியா?"

"நாளைக்கு எழுதிடறேன்," என்றேன்.

"பத்தாம் தேதி பட்டியல் முடியுது."

"தெரியும்."

"ராத்திரியெல்லாம் அவரு உக்காந்து சான்றிதழ்ல இருக்கிற அந்தப் பேரையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் அப்பவே சொன்னேன், இந்த ஆளை எனக்குத் தெரியாதுன்னு."  முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலையே எழுதினேன். சத்தியமாக எழுதினேன். 'பதிவுப் பெயர் தெரிந்திருந்தும் நானே மாற்றி அனுப்பினேன்.' எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக, கையெழுத்தோடு. எழுதி மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன், தாள் இருக்கும், மூடிவிடுவேன். ஜூலை பதினான்காம் தேதி என் ஒப்பந்தம் நாலு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டதாகக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜான்-க்ளோட் முன்னால் போய் நின்றேன்.

அவர் படித்தார். தேதியைப் பார்த்தார். நான் முட்டாள்தனமாக எழுதிய அன்றைய தேதியையே போட்டிருந்தேன், ஜூன் இருபத்தெட்டு. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பட்டியல் போன வாரமே போயிடுச்சு, மிஸ்யே. ரோஷ் புவா பக்கத்துக்குத் தனராஜைப் போட்டிருக்காங்க."

நான் வேலாயுதன் வீட்டுக்குப் போனேன். எப்படியாவது நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வாசலில் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் படித்து நல்ல தமிழ் பேசப் பழகியிருந்த மனிதர், என்னைப் பார்த்ததும் பழைய பேச்சுக்கே போய்விட்டார்.

"போஸ்ட் மறைந்தருளிடுச்சு, மிஸ்யே."

எனக்குத் திருத்த வாய் வரவில்லை. தாளை அவரிடம் காட்டினேன். அவரும் தேதியைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, அழகாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "உள்ள எழுந்தருளுங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்," என்றார். நான் உள்ளே போகவில்லை. கோவிந்தம்மாவின் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து புதுச் சான்றிதழ் வந்தது, Valaydon என்று திருத்தி. அதற்குள் அவருக்கு நாற்பத்தைந்து முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. நகரத்துக்குத் தெற்கே காத்ர் போர்னில் ஒரு துணிக்கடையில் காவல் வேலைக்குப் போனார். கோயில் பிள்ளைகள் தனராஜிடம் போனார்கள். அவன் நல்லவன், ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு வகுப்பில் பேசச் சொன்னான். அவர் போகவில்லை. மூன்றரை வருஷம் நான் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். துணிக்கடை இருந்த தெருவுக்கே நான் போவதில்லை.

பிறகு 1968 வந்தது. ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம். ரோஷ் புவாவில் வீடுகள் எரிந்தன, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள், தெருமுனையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நின்றார்கள். மார்ச்சில் சுதந்திரம் என்று நாள் குறித்திருந்தும் யார் முகத்திலும் களை இல்லை. சான்றிதழ்ப் படிப்பின் புதுப் பிரிவுக்கு ஆள் சேர்க்க வேண்டிய நேரம். நகரத்துக்கு வர எல்லோரும் பயந்ததால் வகுப்பைக் காத்ர் போர்னுக்கு மாற்றியிருந்தோம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். படிவத்தைக் கொடுத்து, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுதி நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. 'சவுந்தரி வேலாயுதன்.' நிமிர்ந்து பார்த்தேன். பத்தொன்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் தலை முழுக்க நரைத்து, காவல்காரர் சட்டையோடு, தொப்பியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"அண்ணே," என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"போன்ஸூர், மிஸ்யே." அவர் மகளின் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பாப்பியேல இப்படியா இருக்குது?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லப்பா. ஆனா அது தப்பு. நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

"தப்புதான்." படிவத்தை என் மேஜை மேல் வைத்தார். என் சிவப்புப் பென்சில் அங்கேயே கிடந்தது. அதை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "மிஸ்யே, நீங்களே எழுதுங்க. தப்பாவே எழுதுங்க. ரெண்டு எழுத்துலயும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவரோ நான் என்ன எழுதுகிறேன் என்று, ஒரு தடவை ஏமாந்தவர் பார்ப்பது போல, தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நான் வேலாயுதனை அடித்தேன். பக்கத்தில் வலேதோன் என்று எழுதினேன். கீழே Valaydon என்று எழுதினேன். கடைசி எழுத்து கோணிப் போயிற்று.

அவர் படிவத்தை எடுத்து, சட்டைப் பையிலிருந்து மகளின் பாப்பியேயையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுச் சரிபார்த்தார். அவசரப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"கோரெக், மிஸ்யே," என்றார்.